மாடிப்படிக் கத்தல்

கத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பூனையார் வீட்டிலும் சொல்லவில்லை, ஸ்டுடியோவிலும் சொல்லவில்லை.

தொண்டைக்குள் ஒரு சின்னக் கட்டி. ஆபரேஷன் முடிகிறவரை கிசுகிசுப்பாகக்கூடப் பேசக் கூடாது. "கார்ட்டூன்ல கத்துறதுதான் சார் என் வேலையே," என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "அப்போ வேலைய மறந்துடுங்க," என்றார்.

போன வாரம் அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர், நேராகத் தன் வாடகை அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த வாரம் எழுந்து, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, கத்துவதற்குக் கிளம்பினார்.

வீடு என்று ஒன்று அவருக்கு இருந்தது. அது நாலு தெரு தள்ளி இருந்தது. அதில் மனைவியும் மகளும் இருந்தார்கள். மனைவி அவரைப் போகச் சொல்லவில்லை. "நீங்க இங்க இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இருக்கீங்க. அதுக்கு இல்லாமலே இருந்துடலாமே," என்று ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் பெட்டியை எடுத்து அடுக்கினார். பதில் சொல்லியிருந்தால் பெட்டியைப் பிடுங்கி வைத்திருப்பாள். அது அவருக்குத் தெரியாது.

இருவருக்கும் ஒரே ஸ்டுடியோ, ஒரே கார்ட்டூன். ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பூனை, சுவர் ஓட்டையில் ஒரு எலி. பூனை துரத்தும், எலி தப்பிக்கும், பூனைதான் அடிபடும். வசனம் கிடையாது. கத்தலும் சிரிப்பும் மூச்சு வாங்குவதும்தான். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பூனையாகவும் எலியாகவும் குரல் கொடுக்கப் போனார்கள். அதன்பிறகு சொந்தப் பெயர் சொல்லி அவர்களைக் கூப்பிட ஆளில்லை. அவர் பூனையார். அவள் சுண்டெலி, சுருக்கமாகச் சுண்டு. இரண்டுக்கும் பிறந்த பெண்ணுக்கு ஸ்டுடியோவே வைத்த பெயர், வாலு.

வாலு வளர்ந்து, இப்போது அதே ஸ்டுடியோவில் ஒலி வெட்டும் அறையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் கத்தலையும் அம்மாவின் சிரிப்பையும் வெட்டி, படத்தோடு ஒட்ட வைப்பது அவள் வேலை. வீட்டில் செய்ய முடியாததை அங்கே செய்கிறோம் என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வாள்.

அன்று காலை தலைவாரிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். "அப்பா தொண்டைல ஏதோ இருக்கும்மா. கடைசியா எடுத்ததுல ஒரு கரகரப்பு வருது. சுவத்துல காசால சுரண்டுற மாதிரி."

"அவர் தொண்டைல எப்பவும் ஏதாவது இருக்கும்," என்றாள் சுண்டு. "நம்மகிட்ட பேசறதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும்தான்."

வாலு சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். காலையிலேயே களைத்துப்போன வீடு அது.

ஒலிப்பதிவு அறையின் சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு. நடுவில் இரண்டு மைக். முன்பெல்லாம் அவை எதிரெதிரே நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் கத்துவார்கள், சிரிப்பார்கள். சில மாதங்களுக்கு முன் சுண்டு, "கழுத்து வலிக்குது, திரையைப் பார்த்தமாதிரி திருப்பி வெச்சிடுங்க," என்று கேட்டாள். எந்தக் கழுத்து, என்ன வலி என்று எவரும் விசாரிக்கவில்லை. திருப்பி வைத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் வாலுவும் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"இன்னிக்கு மாடிப்படி மட்டும் முடிச்சிட்டா போதும், பூனையாரே. நாளைக்கு மிக்சிங். முதல்தடவையா தியேட்டருக்குப் போறோம். பெரிய ஸ்பீக்கர். ஊரே அதிரணும்."

பூனையார் தலையாட்டினார். வெந்நீரில் ஒரு வாய் குடித்தார்.

அவருடைய கத்தல்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் சுண்டுதான் பெயர் வைத்தாள். கதவிடுக்கில் வால் மாட்டினால் வால் கத்தல். அது குட்டையாக, கூர்மையாக வரும். இஸ்திரிப்பெட்டி விழுந்தால் வேறு. அதில் முதலில் சத்தமே இருக்காது, பிறகு மொத்தமாக வரும். எல்லாவற்றிலும் கஷ்டமானது மாடிப்படிக் கத்தல். மேல்படியில் எலி சோப்புத் தடவி வைத்திருக்கும். தலையில் வாளி மாட்டிய பூனை கால் வழுக்கி, படிப்படியாக உருண்டு, அடிவரை வரும். ஒரே மூச்சு. ஆனால் ஒவ்வொரு படியிலும் கத்தல் ஒரு குதி குதிக்க வேண்டும். கீழே தொப்பென்று விழுந்ததும் அமைதி. அதற்கப்புறம் எலியின் சிரிப்பு.

திரையில் பென்சில் கோட்டுப் படம் ஓடியது. பூனையார் கத்தினார். சுண்டு சிரித்தாள்.

"பிரமாதம். இன்னும் கொஞ்சம் நீளமா ஒண்ணு?"

மறுபடி கத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் வாலு ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள்.

"சூப்பர். சேஃப்டிக்கு ஒண்ணே ஒண்ணு."

மூன்றாவது தடவை, பாதிப் படியில் கத்தல் இரண்டாகப் பிளந்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஓர் இருமல், அப்புறம் மூச்சுக்குத் திணறல். சுண்டுவின் கண் திரையில்தான் இருந்தது. புதிதாக ஏதோ சேர்க்கிறார் என்று நினைத்தாள். எப்போதும் எதையாவது சேர்ப்பவர்தானே. திரையில் பூனை தரையில் விழுந்தது. சிரிக்கச் சொல்லும் விளக்கு எரிந்தது.

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உருண்டு புரண்டு, எலி சிரிக்கிற சிரிப்பு. பல மாதங்களாக அவ்வளவு நன்றாக அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

"அம்மா! சிரிக்காத!"

ஸ்பீக்கரில் வாலுவின் அலறல் கேட்டுத்தான் சுண்டு திரும்பிப் பார்த்தாள். பூனையார் மைக் கம்பியைப் பிடித்தபடி முழங்காலில் நின்றார். வாயில் வைத்திருந்த கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கறை.

வெளி வராந்தாவில் ஒரு பழைய சோபா கிடந்தது. அதில் அவரை உட்கார வைத்தார்கள். வாலு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

தலையாட்டினார்.

"ஆபரேஷன் பண்ணணும், கத்தக் கூடாதுன்னாரா?"

அதற்கும் தலையாட்டினார்.

"பேசக் கூடாதுன்னு?"

கையால் வாயைப் பொத்திக் காட்டினார்.

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

இதற்கு அவர் தலையாட்டவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு," என்றாள் பின்னால் நின்ற சுண்டு. "அவர்கிட்ட கேள்வி கேட்டுப் பிரயோஜனமில்ல. பதில் சொல்லிப் பழக்கமில்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வாலு அம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பார்வை.

டைரக்டர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் தலைக்கு மேல் நாளைய மிக்சிங் கத்தி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "தப்பா நினைக்காதீங்க மேடம். இன்னிக்கு எடுத்த முதல் ரெண்டுலயும் கரகரப்பு, பெரிய ஸ்பீக்கர்ல தெரிஞ்சிடும். பழைய கத்தல் எதையாவது வெட்டிப் போட்டுடலாமா?"

"எல்லாத்துலயும் மியூசிக் கலந்திருக்கு சார்," என்றாள் வாலு. "தனியாப் பிரிக்க வராது."

"அப்ப ஒரு மிமிக்ரிக்காரர் இருக்கார். போன் போட்டா வந்துடுவார்…"

மிமிக்ரி என்ற சொல் காதில் விழுந்ததும் பூனையார் எழுந்தார். ஒருவரையும் பார்க்காமல் ஒலிப்பதிவு அறையை நோக்கி நடந்தார். வாலு ஓடிப்போய் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள காலெடுத்து வெச்சீங்கன்னா மெஷினையே அணைச்சிடுவேன். வேலை போனாலும் பரவாயில்லப்பா."

அவர் மகளைப் பார்த்தார். மகளும் அசையவில்லை.

"நான் கத்துறேன்," என்றாள் சுண்டு.

டைரக்டர் சங்கடமாகச் சிரித்தார். "நீங்க எலி, மேடம்."

"நான் என்னன்னு எனக்குத் தெரியும். மைக்க ஆன் பண்ணுங்க."

முதல் தடவை கத்தியபோது அது பூனையாக வரவில்லை. கரப்பான்பூச்சியைப் பார்த்த பெண்ணின் கத்தலாக இருந்தது. டைரக்டர் மரியாதைக்கு, "நல்லாருக்கு, இன்னொண்ணு பார்க்கலாம்," என்றார். அடுத்தது அதைவிட மோசம்.

சோபாவில் இருக்கச் சொல்லியிருந்த பூனையார் உள்ளே வந்தார். வந்து, சுண்டுவுக்கும் திரைக்கும் நடுவே நின்றார். இப்போது அவளுக்குப் படம் தெரியவில்லை. அவர்தான் தெரிந்தார். இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று. தாடியில் வெள்ளை கூடியிருந்தது. சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

அவர் உள்ளங்கையைத் தன் அடிவயிற்றில் வைத்துக் காட்டினார். அங்கிருந்து. தொண்டையிலிருந்து இல்லை.

பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். மேல்படி. கை ஒரு வெட்டு வெட்டி இறங்கியது. அடுத்த படி. இன்னொரு வெட்டு. சுண்டு அந்தக் கையையே பார்த்தபடி கத்தினாள். கை இறங்க இறங்க, குதித்துக் குதித்து இறங்கினாள். எதிரே அவர் வாயும் திறந்திருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. சத்தமே இல்லாமல் அவரும் அவளோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

"கிட்ட வந்துட்டீங்க மேடம். இன்னொண்ணு!"

இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கடைசிப் படிகளில் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து கிளம்பி வந்தது. சாப்பாட்டு மேசையில் பதில் கிடைக்காத கேள்விகள், பெட்டி அடுக்கிய சத்தம், அதற்குப் பிறகு வந்த ராத்திரிகள் எல்லாம் அதில் இருந்தன. கத்தி முடித்ததும் அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"ஓகே," என்றார் மெதுவாக. ஒருவரும் கைதட்டவில்லை.

"சிரிப்பு?" என்று கேட்டாள் வாலு.

"அதுதான் இருக்கே. அந்த மூணாவது டேக்ல மேடம் சிரிச்சாங்களே, அதுதான் இருக்கிறதுலயே பெஸ்ட்."

சுண்டு மைக்கருகே குனிந்தாள். வந்தது அவள் குரலே இல்லை. "அத அழிச்சிடு, வாலு."

"மேடம், அவசரப்படாதீங்க…"

வாலு கீபோர்டில் விரலை வைத்தாள். அழுத்தினாள். திரையில் நெளிந்து கிடந்த அந்தச் சிரிப்பின் கோடு காணாமல் போனது. டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி. நாளைக்குக் காலைல வந்து புதுசா ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போயிடுங்க."

வாசலில் பூனையார் பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பினார். சுண்டு காரை அவர் அருகே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளிருந்தபடியே கையை நீட்டி முன்கதவைத் திறந்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறிக்கொண்டார். பின்சீட்டில் வாலு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்க வாயைத் திறந்தாள் சுண்டு. காற்றுதான் வந்தது. தொண்டை முழுக்கத் தோலுரித்த மாதிரி எரிந்தது. எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் கத்தியதற்கே இந்த கதி.

இவர் எத்தனை வருடம் தினம் தினம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். எலியின் வேலை சீக்கிரம் முடிவதால் முன்னாலேயே வீடு திரும்பிவிடும் அவள், வரும்போதெல்லாம் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுச் சண்டை, வாலுவின் பள்ளிக்கூடம், குழாய் ரிப்பேர். இவர் பாதி வாயால் சிரித்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். அலட்சியம் என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் கத்துகிற வாய்க்கு வீட்டில் மட்டும் பூட்டு என்று பலரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

சிக்னலில் சிவப்பு விளக்கு. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, தொண்டை வலித்தது. கையுமா வலித்தது? கடந்து போகிறபோது தோளில் ஒரு தடவை கை வைக்க எந்த டாக்டர் வேண்டாம் என்றார்?

இரண்டில் எது நியாயம் என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகியிருந்தது.

வீட்டில் பூனையார் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தன் பழைய இடத்தில் துணி மடித்து வைத்திருப்பதைப் பார்த்து, வேறு நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வாலு உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேரும் கொப்பளிங்க. ம், எழுந்திருங்க."

முகம் கழுவும் இடத்தில் இருவருக்கும் சேர்ந்து நிற்க இடமில்லை. அவர் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார். அவள் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஒதுங்கினாள். அவர் குனிந்தார். கொளகொளவென்ற அந்தச் சத்தம்தான் அன்று அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு.

"நல்ல குடும்பம்," என்றாள் வாலு. "இனிமே ரெண்டு பேர் சண்டையையும் நான் ஒருத்தியே போடணும்போல."

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்."

சுண்டு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான்.

நாற்காலிக்குத் திரும்பிப் போய்த் துண்டை மடித்துக்கொண்டிருந்த பூனையார் நிறுத்தினார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் சுண்டுவின் போன் அடித்தது. டைரக்டர். சுண்டு தொண்டையைக் காட்டிக் கையை விரித்தாள். கை ஈரமாக இருந்ததால் வாலு ஒரு விரலால் போனின் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"வாலு, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க சார். பேசத்தான் முடியாது."

"கேட்டாலே போதும். மேடம், நீங்க கத்தினத முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துட்டார். இனிமே பூனை நீங்கதான்னு சொல்லிட்டார். அடுத்த தொடருக்கும் சேர்த்து. எலிக்கு வேற ஆள் பிடிச்சுக்கலாம். எலி சுலபம்."

வாலுவின் கை போனை நோக்கிப் பாய்ந்தது. அதற்குள் அடுத்ததும் வந்துவிட்டது.

"ஆபரேஷன் ஆனாலும் அவருக்குப் பழைய குரல் வருமான்னு சொல்ல முடியாது, இல்லையா? ஆனா இப்போதைக்கு அவருக்குத் தெரிய வேண்டாம். பாவம். மெதுவா சொல்லிக்கலாம்."

அவர்களுடைய கார்ட்டூனில் பூனை ஓடுகிற வேகத்தில் மொட்டைமாடி விளிம்பைத் தாண்டிப் போய்விடும். ஆனால் உடனே விழாது. கீழே குனிந்து பார்க்கிறவரை அந்தரத்தில் நிற்கும். பூனையார் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கையில் துண்டு. பார்வை நேராக எதிர்ச் சுவரில்.

"மேடம்? பேச முடியலன்னா பரவாயில்ல. சரின்னா போன்ல ஒரு தட்டு தட்டுங்க. வேண்டாம்னா ரெண்டு. முதலாளி லைன்ல காத்திருக்கார்."

வாலு அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா சொல்ல?" என்று உதடு மட்டும் அசைத்தாள்.

சுண்டு போனை வாங்கினாள். ஹாலைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணிகளைத் தரையில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். போனை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கெஞ்சலோ பயமோ இல்லை. ரொம்பக் களைத்திருந்தாள், அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்க என்று கண்ணால் சொன்னாள்.

பூனையாரின் ஆள்காட்டி விரல் எழுந்தது. கண்ணாடித் திரையில் ஒரு தட்டு விழுந்தது.

விரல் மறுபடியும் எழுந்தது. எழுந்து, அங்கேயே நின்றது. சுண்டுவும் வாலுவும், போனுக்கு அந்தப் பக்கம் டைரக்டரும், அந்த விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.